ஒரு வாரத்தில் எழுந்த மண்கோட்டை



நம் தூத்துக்குடியிலிருந்து கப்பலுக்குப் போன பிள்ளைகளின் கடிதங்கள் இந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு அடிக்கடி வரும். செப்டம்பர் கடைசியில் வந்த ஒன்று எங்களைச் சும்மா இருக்கவிடவில்லை. எழுதியவர் சரக்குக் கப்பலில் என்ஜின் பகுதியில் வேலை பார்க்கும் தம்பி. பிரான்சில் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, கூட வேலை பார்க்கும் பிரெஞ்சுக்காரரோடு நார்மண்டி நாட்டுப்புறத்தில் ஒரு பழைய கோட்டையைப் பார்க்கப் போயிருக்கிறார். அன்றைக்கு அங்கே மரபு நாள். கோட்டையின் சொந்தக்காரரான வயதான அம்மா வாசலிலேயே நின்று வந்தவர்களை வரவேற்று, தானே அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினாராம். சுவர் எவ்வளவு கனம் என்று ஒருவர் கேட்டதும், கூட்டத்தில் இருந்த ஒரு பையனைக் கூப்பிட்டு ஜன்னல் திண்டில் குறுக்காகப் படுக்கச் சொல்லியிருக்கிறார். பையன் முழுசாக நீட்டிப் படுத்தும் சுவர் இன்னும் மிச்சம் இருந்ததாம். கடிதத்தின் கடைசியில் தம்பி கேட்டிருந்தார்: “நம்ம ஊர்ல இப்படி ஒரு நாள் உண்டா அண்ணாச்சி? லீவுல வந்தா என் மகனை எங்கே கூட்டிட்டுப் போகலாம்?”

இந்த மாதப் பக்கம் அந்தக் கேள்விக்கான பதில்.

பிரான்சில் இந்த நாளை 1984-இல் கலாச்சார அமைச்சராக இருந்த ஜாக் லாங் தொடங்கிவைத்தார். ஒவ்வொரு செப்டம்பரிலும் மூன்றாவது சனி, ஞாயிறு. மற்ற நாட்களில் பூட்டியே கிடக்கும் கதவுகள் அன்று திறக்கும். குடியரசுத் தலைவர் இருக்கும் எலிசே மாளிகைக்குள் போக மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பார்கள். தனியார் குடியிருக்கும் கோட்டைகளையும் அவர்களே முன்வந்து திறந்துவைப்பார்கள். 1991-இலிருந்து ஐரோப்பா முழுவதற்குமாக இது நடக்கிறது.

நம்மிடமும் நாட்கள் இருக்கின்றன. ஏப்ரல் 18 உலக மரபு தினம். நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். அந்த நாட்களையொட்டி, மத்தியத் தொல்லியல் துறை கட்டணம் வாங்கும் இடங்களில் இலவசமாக உள்ளே விடுவதும் உண்டு. ஆனால் நம் மாவட்டத்துக்காரருக்கு அந்த இலவசத்தால் பெரிய பயன் கிடையாது. இங்கே பார்க்க வேண்டிய இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேலியும் இல்லை, சீட்டும் இல்லை. எந்நேரமும் திறந்துதான் கிடக்கின்றன. நமக்கு வேண்டியது, அந்த நார்மண்டி அம்மாவைப் போல் பக்கத்தில் நின்று, இதைப் பார், இங்கே தொடு, இது இன்னது என்று சொல்ல ஒரு ஆள்.

பிரெஞ்சுக் கோட்டை என்றே தேடினால், தமிழ் மண்ணிலும் ஒன்று இருந்தது. புதுச்சேரியில் கடலைப் பார்த்து நின்ற லூயி கோட்டை அது. 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்ததும் அதைத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். இன்று பாரதி பூங்காவில் காற்று வாங்க வருகிறவர்கள் அந்தக் கோட்டை இருந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பிடித்த கோட்டையை இடிப்பது அந்தக் காலத்துப் போர் வழக்கம். அதே வழக்கத்துக்கு இரண்டு முறை இரையான கோட்டை ஒன்று நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயண தூரத்துக்குள் இருக்கிறது. ஒட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில், பாஞ்சாலங்குறிச்சி.

பாஞ்சாலங்குறிச்சி தெரியாத தமிழர் உண்டா என்று கேட்பீர்கள். தெரியும்தான். ஆனால் நமக்குத் தெரிந்த கோட்டை பெரும்பாலும் 1959-இல் வந்த கட்டபொம்மன் படத்தில் பார்த்த கோட்டை. பி.ஆர். பந்துலுவும் சிவாஜி கணேசனும் நம் மனசுக்குள் கட்டிய அந்த அரண்மனை அவ்வளவு உறுதியானது. அதன் போர்க்காட்சிகளைப் படமாக்க ஜெய்ப்பூர் வரை போனார்கள். படத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. சிவாஜி கயத்தாற்றில், கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தில் நிலம் வாங்கி அவருக்குச் சிலையும் வைத்தார். ஆனால் திரையில் பார்த்த அந்தப் பிரம்மாண்டம், உண்மையில் இங்கே நின்ற கோட்டையை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. உண்மைக் கோட்டை கல்லால் ஆனது அல்ல. அது மண்கோட்டை.

இதை எழுதிவைத்தவர் எதிரி முகாமில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ். 1801 போரில் நேரில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரி. 1830-இல் லண்டனில் வெளிவந்த அவருடைய நினைவுக் குறிப்புகளில் கோட்டையின் அளவு இருக்கிறது. நீளம் சுமார் 500 அடி, அகலம் சுமார் 300 அடி, ஒழுங்கில்லாத நாற்கரம். சுவர் முழுவதும் நன்றாக இறுகிய, ஒட்டும் தன்மையுள்ள மண். சுற்றிலும் முள்வேலி. அவ்வளவுதான். நம் ஊர்ப் பள்ளிக்கூட மைதானங்கள் சில இதைவிடப் பெரியவை. இந்தச் சின்ன மண்கோட்டையைப் பிடிக்கத்தான் கம்பெனிப் படை அவ்வளவு பாடுபட்டது.

நடந்ததை ஒரு முறை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும். 1799 செப்டம்பர் 5-ஆம் தேதி மேஜர் பானர்மேனின் கம்பெனிப் படை கோட்டையைத் தாக்கியது. தாக்குதல் தோற்றது. ஆனாலும் பெரிய பீரங்கிகள் வந்தால் நிற்க முடியாது என்று பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரான கட்டபொம்மன் இரவோடு இரவாக வெளியேறினார். புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களிடம் பிடிபட்டு, அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் மற்ற பாளையக்காரர்களின் கண்முன்னே தூக்கிலிடப்பட்டார். கோட்டையை இடித்துப்போட்டார்கள். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டையில் சிறைவைத்தார்கள். (அதே செப்டம்பர் 5-இல்தான், 73 வருஷம் கழித்து, பக்கத்து ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்தார். இதை நான் எப்போது நினைத்தாலும் மெய்சிலிர்க்கும்.)

அடுத்து நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரியது. 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி ஊமைத்துரையும் கூட்டாளிகளும் சிறையிலிருந்து தப்பினார்கள். அவர்களைத் துரத்திக்கொண்டு ஒரு வாரத்தில் கம்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்து சேர்ந்தது. வந்தவர்கள் திகைத்துப்போனார்கள். இடித்துத் தரையோடு தரையாக்கிய கோட்டை மறுபடி எழுந்து நின்றது. கல்தச்சர்கள் இல்லை, சுண்ணாம்புக் காளவாய் இல்லை. சுற்றுப்பட்டு ஊர்ச் சனங்கள் இருந்தார்கள், காலடியில் மண் இருந்தது. ஊமைத்துரையின் ஆட்கள் தூத்துக்குடியையும் கைப்பற்றினார்கள்.

அந்த மண்சுவரின் முன்னால் கம்பெனிப் படை பின்வாங்கிப்போய், கூடுதல் ஆட்களோடு மார்ச் கடைசியில் திரும்பி வந்தது. மார்ச் 31-இல் நடத்திய பெரிய தாக்குதலும் தோற்றது. பீரங்கிக் குண்டு கல்லில் பட்டால் கல் உடைந்து சிதறும். கனத்த மண்ணில் பட்டால் புதைந்துபோகும். திறந்த ஓட்டை வழியாக ஏறியவர்களை உள்ளே நீண்ட ஈட்டிகள் எதிர்கொண்டன. கர்னல் அக்னியு புதுப் படையும் பெரிய பீரங்கிகளும் கொண்டுவந்த பிறகு, மே 24-ஆம் தேதிதான் கோட்டை விழுந்தது. பிறகு அதை இடித்ததோடு விடவில்லை. பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரே கணக்கில் இருக்கக்கூடாது என்று முடிவு செய்தார்கள். கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று இன்றும் அந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள்.

வெல்ஷ் எழுதியதில் இன்னொன்றையும் இங்கே சொல்லாமல் போக மனசு வரவில்லை. கோட்டை விழுந்த அன்று, காயம்பட்டுக் கிடந்தவர்களிடையே ஒரு தாய் தன் மகனைத் தேடி வந்தாள். உயிர் இழுத்துக்கொண்டிருந்த மகனைக் கண்டு தூக்கப்போனாள். அவனோ, என்னை விடு, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்றான். சாமி என்றது ஊமைத்துரையை. கூட வந்த பெண்கள் அவரைத் தூக்கிப்போய் ஒரு வீட்டில் மறைத்தார்கள். கம்பெனிப் பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, உடலைத் துணியால் மூடிச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்து, பெரியம்மை கண்டு செத்த பையன் என்றார்கள். வந்தவர்கள் பயந்து ஓடினார்கள். ஊமைத்துரை பிழைத்து, மருது சகோதரர்களோடு சேர்ந்து இன்னும் சில மாதங்கள் போரிட்டார். அந்தத் தாயின் பெயரையோ மகனின் பெயரையோ வெல்ஷ் எழுதவில்லை. 1801 நவம்பர் 16-இல் ஊமைத்துரையை இதே பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுவந்து தூக்கிலிட்டார்கள். மரபு வாரம் தொடங்குவதற்கு மூன்று நாள் முந்திய தேதி அது.

தம்பியின் கடிதம் தந்த வேகத்தில் சென்ற மாதம் நாங்கள் சிலர் அங்கே போய்வந்தோம். முதலில் கண்ணில் படுவது 1974-இல் தமிழ்நாடு அரசு கட்டிய நினைவுக் கோட்டை. பெரிய வாசல், உள்ளே கட்டபொம்மன் சிலை, சுவர் முழுக்க அவர் கதையைச் சொல்லும் ஓவியங்கள். பக்கத்தில் அவருடைய குலதெய்வமான வீரசக்கதேவி கோயில். சித்திரை மாதத் திருவிழாவுக்கு ஊர் ஊராக இளைஞர்கள் ஜோதி ஏந்தி ஓடிவருவார்கள். கணக்கிலிருந்து அழித்த பெயரை 170 வருஷம் கழித்து ஒரு அரசு இவ்வளவு பெரிய எழுத்தில் எழுதிவைத்தது நியாயமான காரியம். அதை ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் வேனில் வந்து இறங்குகிறவர்கள் ஓவியம் பார்த்து, படம் எடுத்து, கோயிலில் கும்பிட்டு, அதே வேனில் ஏறிவிடுகிறார்கள். கொஞ்சம் தள்ளி, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் பழைய கோட்டையின் மிச்சம் இருக்கிறது. தோண்டி வெளிக்கொண்டுவந்த அடித்தளங்கள், தாழ்ந்த மேடுகள். அதன் பக்கம் நடக்கிறவர்கள் சிலரே. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம், “இதுதான் பழைய கோட்டையாக்கா?” என்று கேட்டோம். “ஆமா, இதான். பெரிய கட்டடத்தைப் பாத்துட்டு எல்லாரும் அப்படியே போயிருவாங்க. நீங்க வாங்க, காட்டுதேன்” என்று சொல்லி முன்னால் நடந்தார்.

முந்தின நாள் நல்ல மழை. பத்தடி நடப்பதற்குள் மண் ஒட்டிச் செருப்பு ஒரு சாண் உயர்ந்துவிட்டது. ஒரு குச்சியை எடுத்துச் சுரண்டினேன். லேசில் வரவில்லை. விரலால் எடுத்து உருட்டிப் பார்த்தேன். வெடிக்காமல் நெகிழ்ந்து உருண்டது. வீட்டுக்கு எடுத்துவந்த அந்த உருண்டை இரண்டு நாளில் காய்ந்து, தரையில் போட்டாலும் உடையாத அளவுக்கு இறுகிவிட்டது. வெல்ஷ் எழுதிய ஒட்டும் மண் என்றால் என்ன என்பதை நான் புத்தகத்தில் படித்ததைவிட அந்தக் குச்சியால் நன்றாகத் தெரிந்துகொண்டேன். சேலம் மாவட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் எங்களைப் பார்த்து அவர்களும் உருட்ட ஆரம்பித்தார்கள். அவர்களுடைய அம்மா முதலில் அதட்டினார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் ஒரு உருண்டை பிடித்தார்.

பக்கத்திலேயே போரில் செத்த கம்பெனி வீரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. அவற்றையும் பார்க்க வேண்டும். கடல் தாண்டி வந்து, யாருடைய லாபத்துக்காகவோ இங்கே மண்ணோடு போன வாலிபர்கள் அவர்கள். அவர்களில் சிலருக்குப் பெயர் வெட்டிய கல் உண்டு. கோட்டைக்குள் நின்று செத்தவர்களுக்கு அப்படி ஒரு கல் கிடையாது. இதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது.

பிரான்சைப் பற்றி இன்னொரு செய்தி. பர்கண்டிப் பகுதியில் கெதெலோன் என்ற இடத்தில் 1997-இலிருந்து ஒரு கோட்டையைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டு முறைப்படி, அந்தக் காலத்துக் கருவிகளால். கல் அங்கேயே உடைப்பது, மரம் பக்கத்துக் காட்டில் வெட்டுவது. பாரம் தூக்கும் சக்கரத்துக்குள் ஆள் நடந்து சுழற்றுகிறார். பார்க்க வருகிறவர்கள் தரும் கட்டணத்தில்தான் வேலை நடக்கிறது. இதெல்லாம் எதற்கு என்று ஆரம்பத்தில் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். 2019-இல் பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்தின் கூரை எரிந்தபோது, பழைய முறையில் கோடரியால் செதுக்கி அதே உத்திரங்களை மறுபடி செய்யத் தெரிந்த தச்சர்கள் தேவைப்பட்டார்கள். அவர்களில் கெதெலோனில் கை பழகியவர்களும் இருந்தார்கள். 2024 டிசம்பரில் ஆலயம் திறந்தது.

பாஞ்சாலங்குறிச்சியில் நாம் செய்ய வேண்டியது இதுதான் என்பது என் திடமான எண்ணம். இன்னொரு சிமென்ட் வளைவு வேண்டாம். ஒரு துண்டு மண்சுவர் எழுப்புவோம். தொல்லியல் துறையின் எல்லைக்குள் ஒரு கூடை மண்கூடத் தொடக்கூடாது, அது சட்டம், நியாயமும்கூட. எல்லைக்கு வெளியே, ஊர்க்காரர்கள் சம்மதிக்கிற இடத்தில் இருபது அடி நீளம் போதும். ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கத்துக் கிராமங்களில் மண்சுவர் வைக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மண்ணை ஊறவைத்து, மிதித்து, வைக்கோல் சேர்த்துக் குழைத்து, ஒரு முழ உயரம் வைத்து, அது இறுகின பிறகு அடுத்த முழம். அவர்களிடம் கேட்டால் இன்னொரு கேள்வி உடனே வரும். ஒவ்வொரு முழமும் காயக் காத்திருக்க வேண்டுமென்றால், 1801-இல் ஒரு வாரத்துக்குள் கோட்டையே எப்படி எழுந்தது? பிப்ரவரி வெயிலில் சீக்கிரம் காய்ந்ததா? இடிந்து கிடந்த பழைய மண்ணையே நனைத்து ஏற்றினார்களா? உள்ளே பனை மரத்தை வைத்துக் கட்டினார்களா? எத்தனை பேர் கை கொடுத்திருக்க வேண்டும்? புத்தகத்தில் இதற்குப் பதில் தேடிச் சலித்தவன் நான். சிவில் படிக்கிற நம் பாலிடெக்னிக் பிள்ளைகளும் ஒரு ஊர்ப் பெரியவரும் சேர்ந்து பத்து நாள் உழைத்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

கோட்டையை விட்டு ஊருக்குள் வந்தாலும் சொல்ல ஆள் தேவைப்படும் இடங்கள் ஏராளம். டச்சுக்காரர்கள் 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இங்கே வியாபாரம் செய்தார்கள். அவர்கள் 1750-இல் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயத்தைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போகிறோம். 1713-இல் கட்டிய பனிமய மாதா ஆலயத்தைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் முத்துச்சலாபம் என்ற முத்துக்குளிப்பைப் பற்றி? கடைசிச் சலாபம் 1961-இல் முடிந்தது. அன்று தோலாயிரம் பார் என்ற சிப்பிப் படுகையில் கல்லைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கியவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் தொண்ணூறை நெருங்கியிருப்பார்கள். குளிக்கும் கல், சிப்பி அள்ளும் வலைப்பை, முத்தைத் தரம் பிரிக்கும் ஓட்டைத் தட்டு எல்லாம் சில வீடுகளில் பரணில் கிடக்கும். அந்த வீடுகளும் நமக்குக் கோட்டைகள்தான். நார்மண்டியில் ஒரு அம்மா தன் வீட்டைத் திறந்ததுபோல் ஒரே ஒரு நாள் நீங்களும் திறந்துவைத்தால், இந்தக் கரைக்கு அதைவிடப் பெரிய மரபு நாள் எதுவும் தேவையில்லை.

கப்பல்காரத் தம்பிக்கு: உண்டு, தம்பி. இந்த வருஷத்திலிருந்து உண்டு. மகனை அனுப்பிவையுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மற்றவர்களுக்கு: நவம்பர் மரபு வாரத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீட்டு வாசலில் கூடுகிறோம். வீட்டைப் பார்த்துவிட்டு பாஞ்சாலங்குறிச்சிக்குப் போவோம். முதலில் பழைய மேடு, அடுத்து கல்லறைகள், நினைவுக் கோட்டையும் கோயிலும் கடைசியில். மண்சுவர் வைக்கத் தெரிந்த பெரியவர் உங்கள் தெருவில் இருந்தால் அவரைக் கட்டாயம் கூட்டிவாருங்கள், போகவர வண்டி நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். மதியத்துக்குக் கட்டுச்சோறும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் முத்துக்குளிப்புச் சாமான் வைத்திருக்கிறவர்கள் அலுவலகத்துக்கு ஒரு கார்டு போடுங்கள். உங்கள் வீடு தேடி நாங்களே வருவோம்.

அன்புடன்,
ஆசிரியர்